பந்தியில் தெரியும் விசுவாசம்: தமிழ்த் திருச்சபையும் சாதியும்



பண்டிதர் அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவை இந்த முறை ஜவ்வாது மலையில் நடத்துகிறோம். பௌத்தராக வாழ்ந்து மறைந்த ஒருவரின் நினைவு நாளில் திருச்சபை வரலாற்றைப் பேசுவது ஏன் என்று சிலர் கேட்கக்கூடும். 1907இல் தொடங்கிய தமது ஏட்டில் பண்டிதர் பலமுறை எழுப்பிய கேள்விதான் இது. சாதியைக் கைவிடச் சொல்லும் சமயத்துக்குள் சாதியை அனுமதித்த பாதிரிமாரை அவர் கடுமையாகக் கண்டித்தார். அவர் மறைந்து ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. கேள்வி அப்படியே நிற்கிறது. அதனால்தான் எடுத்துக்கொண்டோம்.

இந்த மலைக்குக் கீழே போளூர், செங்கம், திருப்பத்தூர், வாணியம்பாடி என்று சுற்றிலும் ஊரும் சேரியுமான நாடு. அந்தச் சேரிகளில் பலவற்றில் தலைமுறை தலைமுறையாகக் கோயில் மணி அடிக்கிறது. 1853இல் ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள் நிறுவிய ஆற்காடு மிஷன், திருவண்ணாமலைப் பக்கம் டேனிஷ் மிஷன், வேலூர் மறைமாவட்டத்துக் கத்தோலிக்கப் பங்குகள் என்று இந்தப் பகுதியின் கிறிஸ்தவ வரலாறு நீளமானது. அந்த வரலாற்றில் பெரும்பகுதி நம் மக்களின் வரலாறு. ஆகவே வெளியே நின்று ஒரு சமயத்தைக் குறை சொல்லும் பேச்சு இதில் இல்லை. நம் வீட்டுக் கணக்கை நாமே எடுத்துப் பார்க்கிறோம்.

1. எதை வைத்து அளப்பது?

எல்லாச் சமயத்திலும் சொல்லுக்கும் செயலுக்கும் இடைவெளி உண்டு, மனிதர் குறையுள்ளவர்கள்தானே என்று சொல்லி இந்தப் பேச்சை முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் இடைவெளியை எங்கே அளப்பது என்பதற்கு வேதாகமமே ஓர் அளவுகோல் தருகிறது. அது உபதேசத்தைப் பார்ப்பதில்லை. பந்தியையும் இருக்கையையும் பார்க்கிறது.

அந்தியோகியாவில் நடந்ததைப் பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். யூதரல்லாத விசுவாசிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்குப் பயந்து பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். பேதுரு எந்த உபதேசத்தையும் மறுக்கவில்லை. இடம் மாறி உட்கார்ந்தார், அவ்வளவுதான். அதற்காகவே பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கண்டித்தார். கொரிந்து சபையில் கர்த்தருடைய பந்தியில் சிலர் உண்டு நிறைய, சிலர் பசியோடு நின்றதையும் அவர் கண்டித்திருக்கிறார். சபைக்கு வரும் பணக்காரருக்கு நல்ல இடமும் ஏழைக்குக் கால்மாட்டில் இடமும் தருவதை யாக்கோபின் கடிதம் குற்றமாகச் சொல்கிறது.

யாரோடு உட்கார்ந்தாய், யார் கையால் வாங்கிச் சாப்பிட்டாய், யாருக்கு எந்த இடம் கொடுத்தாய் என்பவை கிறிஸ்தவ நூல்கள் தாமே கேட்கும் கேள்விகள். அதே கேள்விகளோடு தமிழ்நாட்டுக்கு வருவோம்.

2. தரங்கம்பாடி, 1741

1706இல் சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். 1718இல் புதிய எருசலேம் ஆலயம் கட்டி முடிக்கப்பட்டது. அந்த ஆலயத்தில் சூத்திரக் கிறிஸ்தவருக்கு ஒரு பக்கம், பறையர் கிறிஸ்தவருக்கு மறுபக்கம் என்று இடம் பிரிந்திருந்தது. நற்கருணையும் முதலில் அவர்களுக்கு, பிறகு இவர்களுக்கு என்ற வழக்கம் லுத்தரன் சபைகளில் நிலைத்தது.

இராஜநாயக்கன் என்ற மனிதரைப் பற்றி நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றிய பறையர். கத்தோலிக்கராக இருந்தவர், தமிழ்ப் புதிய ஏற்பாடு கையில் கிடைத்து, படித்து, தரங்கம்பாடி மிஷனைத் தேடி வந்தார். 1720களின் இறுதியிலிருந்து தஞ்சைப் பகுதியில் உபதேசியாராக ஊர் ஊராக உழைத்தார். அவருடைய அறிவிலும் ஒழுக்கத்திலும் மிஷனரிகளுக்கு ஐயமே இருந்ததில்லை. அவரைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள்.

1733இல் வேளாளரான ஆரோன் முதல் தமிழ்க் குருவாக அபிஷேகம் பெற்றார். 1741இல் அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும்போது இராஜநாயக்கன் பெயரும் பரிசீலனைக்கு வந்தது. தேர்வு பெற்றவர் தியோகு. தகுதிக் குறை ஒன்றும் காரணமாகச் சொல்லப்படவில்லை. இராஜநாயக்கன் கையால் நற்கருணை கொடுத்தால் மேல்சாதிக் கிறிஸ்தவர்களுக்கு நற்கருணையின் மீதே மதிப்புக் குறைந்துவிடும் என்று மிஷனரிகள் அஞ்சினார்கள். 1771இல் இறக்கும்வரை அவர் உபதேசியாராகவே இருந்தார்.

இந்த வாதத்தைக் கவனியுங்கள். சாதி சரி என்று மிஷனரிகள் சொல்லவில்லை. நற்கருணையின் மதிப்பைக் காப்பதாகத்தான் சொன்னார்கள். ஒரு மனிதரின் கை பட்டால் குறைந்துபோகும் மதிப்பு எப்படிப்பட்ட மதிப்பு என்ற கேள்வியை அந்த அவையில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பேதுருவை எழுப்பியது எருசலேமிலிருந்து வந்தவர்களைப் பற்றிய பயம். இங்கே அது வேளாளர்களைப் பற்றிய பயம். இரண்டு இடத்திலும் பயத்துக்கான விலையைப் பந்தியில் இடம் இழந்தவர்களே கொடுத்தார்கள்.

3. சுவர்கள்

கத்தோலிக்கத் தரப்பில் கதை இன்னும் பழையது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, பிராமண சந்நியாசியின் கோலம் பூண்டார். மதுரையில் ஏற்கெனவே இருந்த பரதவர் கிறிஸ்தவர்களிடமிருந்து தம்மைப் பிரித்துக்கொண்டு தனிக் கோயில் வைத்துக்கொண்டார். மேல்சாதியினரைக் கவர இது வழி என்றார். பிறகு மற்றச் சாதியினரிடையே பணியாற்றுவதற்குப் பண்டார சாமிகள் என்ற தனி வகைக் குருக்கள் உருவானார்கள். அதாவது சாதிக்கேற்ற குரு. தீண்டத்தகாதவர் எனப்பட்டோரின் வீடுகளுக்குள் போய் நோயாளிகளுக்கு அருட்சாதனம் கொடுக்க இயேசு சபையினர் தயங்கியது ரோமாபுரிவரை வழக்காகப் போனது. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர் வெளியிட்ட ஆணை, பறையர்களுக்கென்று தனி மிஷனரிகளை வைத்துக்கொள்ளும் யோசனையை ஏற்றுக்கொண்டது. விசுவாசம் ஒன்று என்று சொன்ன அதே சபை, நோயாளியின் வீட்டு வாசலைத் தாண்டுவதற்கு இரண்டு வகைக் குருக்களை ஒப்புக்கொண்டது.

அடுத்த ஆண்டே, 1745 அக்டோபரில், புதுச்சேரிக் கோயிலுக்குள் பறையரையும் சாதிக் கிறிஸ்தவரையும் பிரித்து நின்ற சுவரைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதுகிறார். காரைக்காலில் சுவர் எடுபட்ட செய்தி கேட்டு, புதுச்சேரிப் பறையர்கள் பெரிய பாதிரியாரிடம் போய் முறையிட்டார்கள். நாங்களும் கிறிஸ்தவர்கள்தானே, எங்களுக்கு மட்டும் ஏன் இந்தச் சுவர் என்பது அவர்கள் வாதம். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்து கலகம் செய்தார்கள். சபை வரலாற்றுப் புத்தகங்களில் சாதி ஒழிப்பு என்றால் மிஷனரிகளின் பெயர்களே வரும். புதுச்சேரியில் அந்தப் பேச்சைத் தொடங்கியவர்கள் பெயர் தெரியாத நம் முன்னோர்கள். சபை சொன்ன வார்த்தையைச் சபையைவிட அதிகமாக நம்பியவர்கள் அவர்கள்.

4. பொறுமை என்ற பெயரில்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பிரச்சினை வெளிப்படையாக வெடித்தது. தஞ்சாவூரில் இளைய மிஷனரிகள் ஆலயத்தில் கலந்து உட்காரச் சொன்னபோது எதிர்த்தவர்களில் முதன்மையானவர் வேதநாயக சாஸ்திரியார். அவருடைய கீர்த்தனைகளை இன்றும் எல்லாச் சபைகளும் பாடுகின்றன, நம் சேரிச் சபைகளும் பாடுகின்றன. அவர் மிஷனரிகள் மீது அடுக்கிய குற்றச்சாட்டுகள் நான்கு: பழைய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், சாதிகளைக் கலக்கிறார்கள், பண்டிகையில் பூவைத் தடுக்கிறார்கள், தமிழ் இசையை விலக்குகிறார்கள்.

இதில் பூவும் இசையும் நியாயமான கோரிக்கைகள். வெள்ளைக்காரர் வந்து தமிழர் வழக்கத்தைத் தடுப்பதை எதிர்ப்பது தவறில்லை. ஆனால் அந்தப் பூவோடும் பாட்டோடும் சாதியையும் ஒரே மூட்டையாகக் கட்டி, இதெல்லாம் எங்கள் பண்பாடு என்று சொன்னதில்தான் சூழ்ச்சி இருக்கிறது. இந்த மூட்டையை இன்றும் பலர் சுமக்கிறார்கள். திருவிழா மரபு, தேர் மரபு, ஊர் மரபு என்று பேச்சு வரும்போதெல்லாம் மூட்டையைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

1833 ஜூலை 5ஆம் தேதி கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சாதி வேற்றுமையைத் திருச்சபை உடனே, உறுதியாக, முற்றிலும் கைவிட வேண்டும் என்பது அதன் சாரம். அவருக்கு முன்பிருந்த பேராயர் ஹீபர் இந்த விஷயத்தில் மென்மையான போக்குடையவர். வில்சனின் அறிக்கை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வாசிக்கப்பட்டபோது சாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டமாகச் சபையை விட்டு வெளியேறினார்கள். இயேசுவையா சாதியையா என்ற கேள்வி நேராக வந்தபோது அவர்கள் தந்த பதில் அதுதான். அவர்களில் ஒரு பகுதியினர் பின்னால் லைப்சிக் லுத்தரன் மிஷனில் இடம் பிடித்தார்கள். அந்த மிஷன் சாதியைச் சமூக வழக்கமாகக் கருதிப் பொறுத்துக்கொண்டது.

1850இல் சென்னை மிஷனரி மாநாடு கூடியது. வார்த்தையால் சாதியை மறுப்பது போதாது என்று அனுபவத்தில் கண்டிருந்தார்கள். எனவே ஒரு சோதனை வைத்தார்கள்: பறையர் சமைத்த உணவைச் சாப்பிடச் சம்மதிப்பவருக்கே திருமுழுக்கு. லைப்சிக் மிஷன் தவிர மற்றவை ஒப்புக்கொண்டன. நூறு பிரசங்கத்தைவிட ஒரு கவளம் சோறு உண்மையைச் சொல்லும் என்பதை அந்த மாநாடு புரிந்துகொண்டது.

இந்தத் தகராறின் ஒரு கிளை நம் பகுதிக்கும் வந்து சேர்கிறது. லைப்சிக் மிஷனில் பணியாற்றிய கார்ல் ஓக்ஸ், சாதியைப் பொறுத்துக்கொள்ளும் அதன் கொள்கையை ஏற்க முடியாமல் பிரிந்தார். 1860களில் மேல்பட்டாம்பாக்கத்தில் அவர் தொடங்கிய பணியே டேனிஷ் மிஷனின் தொடக்கம். பின்னால் அது திருவண்ணாமலை வரை பரவியது. மலைக்குத் தெற்கே உள்ள லுத்தரன் சபைகளின் வேரில் சாதிக்கு எதிரான ஒரு பிளவு இருக்கிறது என்பதை அந்தச் சபைகளின் இளைஞர்களே அறிந்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

இந்த நூற்றைம்பது ஆண்டுக் கதையில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது: பொறுமை. கொஞ்சம் பொறுங்கள், கல்வி பரவட்டும், விசுவாசம் ஆழமாகட்டும், சாதி தானாக உதிரும் என்றார்கள். பொறுக்கச் சொன்னவர்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பொறுத்தவர்கள் பின்னால் நின்றார்கள்.

5. 1910: மேலே பார்த்தும் கீழே பார்த்தும்

1910இல் இரண்டு நிகழ்ச்சிகள். இரண்டுக்கும் திருநெல்வேலிச் சீமையோடு தொடர்பு உண்டு.

அந்த ஆண்டு எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளாளன்விளையில் பிறந்த வே.சா. அசரியா பேசினார். வெள்ளை மிஷனரிகள் அன்பைப் பேசுகிறார்கள், தியாகம் செய்கிறார்கள், ஆனால் இந்தியக் கிறிஸ்தவரைச் சமமாக உட்கார வைத்துப் பழகுவதில்லை. எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம். அந்த அவை அதிர்ந்தது. இரண்டு ஆண்டில் அவர் தோர்ணக்கல்லின் பேராயர் ஆனார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். ஆந்திரத்து மாலா, மாதிகா மக்களிடையே கடைசிவரை உழைத்தார்.

அதே ஆண்டில் வடக்கன்குளத்தில் கௌசானல் அடிகளார் கோயிலுக்குள் இருந்த தடுப்புச் சுவரை இடித்தார். அந்தக் கோயிலின் கட்டட அமைப்பே சாதியின் வரைபடம். 1872இல் கட்டி முடிக்கப்பட்டபோது பீடத்தில் சேரும் இரண்டு கைகளாக, வேளாளர் ஒரு பக்கமும் நாடார் மறுபக்கமும் உட்காரும்படி கட்டப்பட்டது. ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே பூசையைக் காணலாம். சுவர் போனதும் வேளாளர்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. அவர்கள் தோற்றார்கள். கோயிலுக்குள் சாதிக்கென்று தனியிடம் கேட்கும் உரிமை கிறிஸ்தவருக்கு இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. ஆயரின் ஆணையால் ஆகாததை அரசின் நீதிமன்றம் உறுதிப்படுத்த வேண்டியிருந்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரியும். வெள்ளைக்காரர் தம்மைத் தாழ்வாக நடத்தியபோது தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு அது உறைத்தது, சரியாகவே உறைத்தது. தமக்குக் கீழே நிறுத்தப்பட்டவர்களைத் தாம் நடத்தியது பலருக்கு உறைக்கவில்லை. வடக்கன்குளம் வழக்கில்கூட நம் மக்கள் ஒரு தரப்பாக இல்லை. அங்கே நடந்தது சுவரின் அந்தப் பக்கத்தாருக்கும் இந்தப் பக்கத்தாருக்கும் நடந்த வழக்கு. வாசலுக்கு வெளியே இருந்தவர்களைப் பற்றியதல்ல.

இடைவெளியை மூடவே முடியாதா? இந்த மலையடிவாரத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கியது. நிறுவியவர்கள் இருவர்: சவரிராயன் ஜேசுதாசன் என்ற தமிழ் மருத்துவர், எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். மிஷன் பங்களாவும் அதன் பின்கட்டு வேலைக்காரர் குடியிருப்பும் வழக்கமாயிருந்த காலத்தில், கதர் உடுத்தி, ஒரே உணவு உண்டு, ஒன்றாக வாழ்ந்தார்கள். ஊரார் ஜேசுதாசனைப் பெரியண்ணன் என்றும் பேட்டனைச் சின்னண்ணன் என்றும் அழைத்தார்கள். ஆளும் இனத்தைச் சேர்ந்தவர் தம்பி, ஆளப்பட்டவர் அண்ணன். 1932இல் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த இடத்தில் பேட்டன் காவலர்களிடம் அடிபட்டார். தம் இனத்துச் சலுகையை அவர் வாயால் மட்டும் துறக்கவில்லை.

மனம் வைத்தால் முறையை மாற்றி வாழ முடியும் என்று ஆசிரமம் காட்டியது. அந்த ஆசிரமத்தின் பெருமையைச் சொல்லும் சபைகள், அதே துணிவைச் சாதியின் பக்கம் ஏன் திருப்பவில்லை என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

6. சொல்லே ஆயுதமானபோது

இதுவரை பார்த்தது சபைக்குள் நடந்தது. இனி நாம் சொல்லப்போவது இன்றைய வாழ்க்கையைத் தொடுகிறது.

1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி வெளியான குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதியினர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே நிற்கிறார்கள். காரணம் என்ன சொல்கிறார்கள்? கிறிஸ்தவத்தில் சாதி இல்லையே, பிறகு உங்களுக்கு எதற்கு ஒதுக்கீடு என்கிறார்கள்.

சபை ஞாயிறுதோறும் சொன்ன வார்த்தையை அரசு எடுத்து நமக்கு எதிராகவே பயன்படுத்துகிறது. கோயிலில் தனி வரிசை, கல்லறையில் தனி இடம். அரசு அலுவலகத்துக்குப் போனால், உங்கள் மதத்தில் சாதி இல்லை, போய்விட்டு வாருங்கள். சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள இடைவெளி வெறும் ஒழுக்கக்குறை என்று நினைத்திருந்தோம். இங்கே அது ஒரு மனிதரின் சான்றிதழையும் வேலையையும் தின்னும் இடைவெளி.

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்து வாழ்ந்த தலித் கிறிஸ்தவர் சூசையின் வழக்கை மாணவர்கள் படிக்க வேண்டும். செருப்புத் தைக்கும் தொழிலாளருக்கு அரசு கொடுத்த பெட்டிக்கடை அவருக்குக் கிடைக்கவில்லை. அதே தொழில், அதே சாலையோரம், அதே பிறப்பு. மதம் மட்டும் வேறு. 1985இல் உச்ச நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது, புதிய சமயத்துக்குள்ளும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்று நிறுவ வேண்டும் என்றது. அதாவது ஒரு தலித் கிறிஸ்தவர் தன் உரிமையைப் பெற, தன் சபைக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வேண்டும்.

இப்போது இந்த மலைக்கு வருவோம். ஜவ்வாது மலையில் பெரும்பான்மையினர் மலையாளிகள் என்ற பழங்குடியினர். பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் பட்டியல் பழங்குடியினர். பழங்குடியினருக்கான ஆணையில் மதத்தைப் பற்றிய நிபந்தனை கிடையாது. மலையில் ஒரு மலையாளி குடும்பம் திருமுழுக்குப் பெற்றால் சட்டத்தின் முன் அவர்கள் பழங்குடியினராகவே இருக்கிறார்கள். அடிவாரத்தில் ஒரு தலித் குடும்பம் திருமுழுக்குப் பெற்றால் பட்டியலிலிருந்து நீங்குகிறார்கள். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்க்கப்படுகிறார்கள். ஊராட்சியில் பட்டியல் சாதிக்கு ஒதுக்கிய இடத்தில் நிற்க முடியாது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காப்பும் இல்லை. ஆனால் அவர்களை அடிக்க வருபவன் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டுவிட்டு அடிப்பதில்லை.

ஒரே ஆயர், ஒரே நற்கருணை. மலை மேல் ஒரு சட்டம், மலைக்குக் கீழ் ஒரு சட்டம். மதம் மாறினாலும் பழங்குடி பழங்குடிதான் என்று ஏற்கத் தெரிந்த அரசுக்கு, மதம் மாறினாலும் சேரி சேரிதான் என்பது தெரியாமல் இல்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2022இல் ஒன்றிய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதி கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. இதே நேரத்தில் வட மாநிலங்களில் மதம் மாறிய பழங்குடியினரையும் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்ற இயக்கம் நடக்கிறது. அடிவாரத்தில் எடுத்ததை மலையிலும் எடுக்கப் பார்க்கிறார்கள். எனவே மலையாளித் தோழர்களே, இது எங்கள் வழக்கு மட்டும் அல்ல.

இன்னொன்றையும் நட்போடு சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்து வேளாளர் வழி வந்தோம் என்பது மலையாளிகளின் பூர்வகதை. கவுண்டர் என்ற பட்டமும் மலையில் வழங்குகிறது. மேலே ஏறி வந்தவர்கள் சாதியைக் கீழேயே விட்டுவிட்டு வந்தார்களா என்று இந்த மலையும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

7. உள்ளிருந்து எழுந்த குரல்

2003 நவம்பரில் தமிழ்நாட்டு ஆயர்களைச் சந்தித்த பாப்பரசர் இரண்டாம் ஜான் பால், கிறிஸ்தவரிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட உண்மையான ஒருமைப்பாட்டுக்கு எதிரானது என்று எச்சரித்தார். அதற்கு ஐந்தாண்டுக்குள், 2008 மார்ச்சில், எறையூரில் தலித் கிறிஸ்தவர் தனிப் பங்கு கேட்டுப் போராடியதை ஒட்டி மோதல் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். வன்னியக் கிறிஸ்தவரும் தலித் கிறிஸ்தவரும் ஒரே மாதாவின் பெயரால் ஒரே ஊரில் வாழ்ந்தவர்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தின் சுவரும் பேசுபொருளானது. செத்த பிறகும் பக்கத்தில் படுக்க விடாத விசுவாசம் அது. 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அதில் பாகுபாட்டை ஒப்புக்கொண்டார்கள். நல்லது. ஒப்புக்கொள்வதற்கு எத்தனை தலைமுறை ஆனது என்பதையும் குறித்துக்கொள்வோம்.

இந்த ஒப்புதல் தானாக வந்துவிடவில்லை. 1981இல் அரவிந்த் நிர்மல் பெங்களூரில் தலித் இறையியலைப் பேசத் தொடங்கினார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஜே.தி. அப்பாவு, பரட்டை என்ற பெயரில் நாட்டுப்புற இசையை வழிபாட்டுக்குக் கொண்டுவந்தார். எல்லாரும் ஒரே உலையில் சமைத்து ஒன்றாக உண்ணுவதே நற்கருணையின் பொருள் என்று கற்பித்தார். சாஸ்திரியார் கட்டிய மூட்டையை அப்பாவு பிரித்தார் என்று சொல்லலாம்: தமிழ் இசை வேண்டும், சாதி வேண்டாம். 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. துறவற மடத்துக்குள் நடந்ததை உள்ளே இருந்தவரே எழுதினார். 2002இல் ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' வந்தது. இந்த எழுத்துகள் வந்த பிறகு, எங்களுக்குள் சாதி இல்லை என்று யாரும் எளிதாகச் சொல்ல முடியாமல் போனது. தலித் இலக்கியம் சமூகத்துக்கு என்ன செய்தது என்று கேட்பவர்களுக்கு இதை ஒரு பதிலாகச் சொல்லுங்கள்.

இராஜநாயக்கன், புதுச்சேரியில் முறையிட்டவர்கள், சூசை, பாமா என்று வரிசையில் வைத்துப் பாருங்கள். இவர்களில் சிலர் சபைக்குள் இருந்தார்கள், சிலர் விலகினார்கள். எல்லாரும் செய்தது ஒன்றுதான்: சபை சொன்ன சொல்லைச் சபையிடமே திருப்பிக் கேட்டார்கள்.

8. நாம் செய்ய வேண்டியது

மாணவர்களுக்கு ஒரு வேலை வைக்கிறோம். உங்கள் ஊருக்குப் போய் ஒரு கணக்கு எடுங்கள். உங்கள் சபை என்ன நம்புகிறது என்று கேட்க வேண்டாம், அது அச்சிட்டே இருக்கிறது. தேர் எந்தத் தெரு வரை வருகிறது? பாடகர் குழுவில் யார் இருக்கிறார்கள்? பங்குப் பேரவையிலும் கமிட்டியிலும் பொறுப்பு யாரிடம்? மிஷன் பள்ளியில், கல்லூரியில், மருத்துவமனையில் துடைப்பம் யார் கையில், மேசை யாருக்கு? கல்லறையில் யார் எங்கே படுத்திருக்கிறார்கள்? கடந்த இருபது ஆண்டில் ஓலை வாசித்த திருமணங்களில் சாதி கடந்தவை எத்தனை? தேதியோடு, இடத்தோடு எழுதுங்கள். மிஷன் பள்ளிகளின் பலன் பெரும்பாலும் மேல்சாதி இந்துக்களுக்கே போய்ச் சேர்ந்தது என்று அம்பேத்கர் எழுதியதை உங்கள் ஊர்க் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1985இல் நீதிமன்றம் கேட்ட ஆதாரம் இதுதான். ஆணையங்கள் கேட்பதும் இதுதான். ஊர் ஊராக இந்தக் கணக்கு நம் கையில் இருந்தால், எங்களிடம் சாதி இல்லை என்று சபையும் சொல்ல முடியாது, அரசும் சொல்ல முடியாது.

கிறிஸ்தவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்றாம் பத்தியை நீக்கச் சொல்லி ஆயர்கள் டில்லியில் ஊர்வலம் போகிறார்கள். நாமும் கூடப் போவோம். ஆனால் அரசிடம் சமத்துவம் கேட்கும் கை, தன் கல்லறைச் சுவரையும் அதே நாளில் இடிக்க வேண்டும். சுவரை வைத்துக்கொண்டு மனு கொடுத்தால், அந்தச் சுவரால் பிரிக்கப்பட்டவரின் பெயரைச் சொல்லித்தான் பிச்சை கேட்கிறோம் என்று ஆகும்.

நம் இயக்கங்களுக்கும் இதே அளவுகோல். மேடையில் சாதி ஒழிப்பு பேசும் நாம், சேரிக்குள்ளேயே அருந்ததியர் குடும்பத்தில் கை நனைக்கிறோமா, பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறோமா, நம் கூட்டங்களில் தேநீர் போடுவதும் பாத்திரம் கழுவுவதும் எப்போதும் பெண்கள்தானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பௌத்தம் போன நம்மவர்களுக்கும், மார்க்சியம் பேசும் நம்மவர்களுக்கும் விலக்கு இல்லை. பண்டிதர் பாதிரிமாரைக் கேட்ட கேள்வியை நம்மை நோக்கிக் கேட்க மறந்துவிட்டால், அவர் பெயரில் சொற்பொழிவு நடத்துவதும் இன்னொரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கமாகிவிடும்.

கணக்கெடுப்புக்கான கேள்விகளை அச்சிட்டு இன்று இங்கேயே கொடுக்கிறோம். மலையில் ஒரு குழு, அடிவாரத்தில் ஒரு குழு என்று பிரிந்து இந்த ஆண்டுக்குள் முடிப்போம். அடுத்த நினைவு நாளில் அந்தக் கணக்கை வாசிப்பதே சொற்பொழிவாக இருக்கட்டும்.